ஓடுவதைத் தொடாதே என்னும் உபதேசம்

அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் வேதவாக்காகச் சொல்லும் ஒன்று உண்டு: “ஓடிக்கிட்டு இருக்கிறதைத் தொடாதீங்க.” மின்னஞ்சல் மென்பொருள் என்று வந்துவிட்டால் இதற்கு மறுபேச்சே கிடையாது. மேசைக் கணினியில் அவுட்லுக்கோ தண்டர்பேர்டோ வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மெயில் வருகிறது, போகிறது. இதில் புதிதாக என்ன வேண்டிக்கிடக்கிறது என்பார்கள். அப்டேட் போட்டால் பொத்தான்கள் இடம் மாறும், கைக்குப் பழகிய ஆட்-ஆன் படுத்துவிடும், இரண்டு நாள் வேலை கெடும். ஆகவே, ‘பிறகு பார்க்கலாம்’ என்பதை ஆண்டுக்கணக்கில் அமுக்கிக்கொண்டே இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று ஆகிவிட்டது.

இப்படிச் சொல்கிறவர்களைச் சோம்பேறிகள் என்று தள்ளிவிட முடியாது. பட்டுத் தெளிந்தவர்கள்தான் பெரும்பாலும் இதைச் சொல்கிறார்கள். அவர்கள் வாதத்தைப் பிரித்துப் பார்த்தால் மூன்று கூற்றுகள் தேறும். மின்னஞ்சல் நிலைபெற்றுவிட்ட பழைய தொழில்நுட்பம், அதற்கு மாற்றம் தேவையில்லை என்பது ஒன்று. பிழைதிருத்தம் என்று நீளப் பட்டியல் போடுகிறார்களே, அதில் எதுவும் எனக்கு நேர்ந்ததில்லை என்பது இரண்டு. அப்டேட்டால் வரும் நன்மையைவிடத் தொல்லையே அதிகம் என்பது மூன்று. முதல் இரண்டும் தவறு. மூன்றாவதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவர்கள் வந்து சேரும் முடிவு தவறு.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். அஞ்சலை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் எஸ்.எம்.டி.பி. நெறிமுறை 1982-இல் எழுதப்பட்டது. அதன் அடிப்படை இன்றும் அதுவேதான். ஆனால், உங்கள் மென்பொருள் சர்வரின் வாசலில் போய் நின்று ‘நான் இன்னார்’ என்று நிரூபிக்கும் முறை அடியோடு மாறிவிட்டது. முன்பெல்லாம் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் உள்ளே விடுவார்கள். 2022 மே 30 முதல், கணக்கின் சாதாரணப் பாஸ்வேர்டை மட்டும் நீட்டும் செயலிகளைக் கூகுள் ஏற்க மறுத்தது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் சேவையில் அதே கதவை அடைக்கத் தொடங்கியது. அதற்குப் பதிலாக வந்தது ஓ-ஆத் முறை. இதில் நீங்கள் கூகுளின் பக்கத்திலோ மைக்ரோசாஃப்டின் பக்கத்திலோ நுழைகிறீர்கள். மென்பொருளுக்குக் கிடைப்பது ஒரு டோக்கன் மட்டுமே. அந்த டோக்கனை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்.

தண்டர்பேர்டு ஜிமெயிலுக்கான ஓ-ஆத் வசதியை 2015-இல் வந்த 38-ஆம் பதிப்பிலேயே சேர்த்துவிட்டது. அதாவது, கதவு அடைபடுவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே சாவி தயார். அந்தப் பதிப்பின் புதுவசதிப் பட்டியலில் அதைப் படித்தவர்கள், ‘இது எதற்கு நமக்கு?’ என்றுதான் நினைத்திருப்பார்கள். வரிசையாக அப்டேட் செய்துவந்தவர்களுக்கு 2022-இல் கணக்கு அமைப்பில் ஒரு தெரிவை மாற்றியதோடு வேலை முடிந்தது. மிகப் பழைய பதிப்பிலேயே தங்கியவர்களுக்குக் கிடைத்தது, பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு சின்னப் பெட்டி. சரியான பாஸ்வேர்டைத்தான் போடுகிறார்கள்; ஆனால், சர்வர் அந்த வழக்கத்தையே கைவிட்டுவிட்டது. ‘நான் எதையும் மாற்றவில்லையே, எப்படி நின்றுபோனது?’ என்பார்கள். மாற்றாததால்தான் நின்றுபோனது.

போகும் வழியில் அஞ்சலை மறைத்து அனுப்பும் டி.எல்.எஸ். விதிகளுக்கும் இதே கதைதான். 1.0, 1.1 என்ற பழைய வகைகள் பலவீனமானவை என்று தெரிந்தபின், தண்டர்பேர்டு 2020-இல் 78-ஆம் பதிப்பில் அவற்றை இயல்பாக அணைத்து வைத்தது. 2025 நவம்பரில் வந்த 145-ஆம் பதிப்பு, எக்ஸ்சேஞ்ச் கணக்குகளை வேறு ஆட்-ஆன் இல்லாமல் நேரடியாகவே சேர்த்துக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தது. பல ஆண்டுகளாக நிறுவனங்களில் வேலை செய்கிறவர்கள் கேட்டுவந்த வசதி இது. ஆனால், அது சாய்ந்துநிற்கும் ஈ.டபிள்யூ.எஸ். என்ற இடைமுகத்தை எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் 2026 அக்டோபரில் நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-லேயே அறிவித்திருந்தது. ஆகவே, வந்த கையோடு அடுத்த மாற்றத்துக்கான வேலையும் காத்திருக்கிறது. நிலைபெற்றுவிட்ட தொழில்நுட்பம் என்று இதையா சொல்கிறோம்? உங்கள் மேசையில் எதுவும் அசையாததுபோலத் தெரிவதற்குக் காரணம், வேறு எங்கோ யாரோ ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பதுதான்.

இரண்டாவது கூற்று இன்னும் ஆபத்தானது. ‘எனக்கு அப்படி எதுவும் நேர்ந்ததில்லை.’ மற்ற மென்பொருள்களுக்கு இந்த வாதம் ஓரளவு பொருந்தலாம். ஒரு கணக்குப்பதிவு மென்பொருளில் நீங்களாகத் தட்டச்சு செய்தால்தான் எதுவும் உள்ளே போகும். மின்னஞ்சல் மென்பொருள் அப்படியில்லை. அது யார் வேண்டுமானாலும் வந்து உட்காரக்கூடிய திண்ணை. உங்கள் முகவரி தெரிந்த எவரும், உங்களைக் கேட்காமலே, தாம் எழுதிய ஒன்றை உங்கள் கணினியின் வட்டில் கொண்டுவந்து வைத்துவிடலாம். அதைத் திறந்து, வடிவம் கொடுத்து, படம் காட்டுவது உங்கள் மென்பொருளின் பொறுப்பு. அந்த இடத்தில் ஓர் ஓட்டை இருந்தால், அது உங்களுக்கு ‘நேரும்வரை’ காத்திருப்பது என்பதற்குப் பொருளே இல்லை.

வரலாறு இதை ஒருமுறைக்கு மேல் சொல்லிவிட்டது. 2000 மே மாதம் ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்போடு வந்த அஞ்சல், அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லாருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டு உலகத்தைச் சுற்றியது. அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்பு அப்டேட்டை வெளியிட்டது. அது இணைப்பாக வரும் நிரல்களைத் திறக்க விடாது. வேறொரு நிரல் முகவரிப் புத்தகத்தைத் தொட்டால் உங்களைக் கேட்கும். அன்றைக்கு அதற்கும் முணுமுணுப்புதான்: எக்ஸ்இ கோப்பைத் திறக்க முடியவில்லை, கைக்கணினியோடு இணைக்கும்போது எச்சரிக்கை வந்து தொலைக்கிறது என்று. இன்று எந்த அஞ்சல் சேவையும் இணைப்பாக வரும் நிரலைச் சும்மா உள்ளே விடுவதில்லை. யாரும் அதைக் குறையாகவும் சொல்வதில்லை.

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் தெளிவான பாடம். அஞ்சலை முன்னோட்டத்தில் பார்த்தாலே அதன் இணைப்பு தானாக ஓடிவிடும்படியான ஓட்டையொன்றுக்கு 2001 மார்ச் 29 அன்று திருத்தம் வந்தது. நிம்டா என்ற புழு அந்த ஓட்டையைப் பயன்படுத்திக்கொண்டு பரவியது செப்டம்பர் 18 அன்று. இடையில் ஐந்தரை மாதத்துக்கு மேல் இருந்தது. அதற்குள் திருத்தத்தைப் போட்டுக்கொள்ளாத கணினிகளில், அவுட்லுக் எக்ஸ்பிரஸில் அஞ்சலை முன்னோட்டத்தில் பார்த்ததே தொற்றுவதற்குப் போதுமானதாக இருந்தது. ‘தெரியாத இணைப்பைத் திறக்காதே’ என்ற அறிவுரையைக் கடைப்பிடித்தவர்களும் எதையும் திறக்காமலே மாட்டிக்கொண்டார்கள்.

இது பழங்கதை என்பவர்களுக்காக 2023 மார்ச் மாதத்துக்கு வருவோம். அவுட்லுக் நாட்காட்டியில் ஒரு சந்திப்புக்கு நினைவூட்டல் ஒலியாக எந்தக் கோப்பு ஒலிக்கவேண்டும் என்று குறிப்பிடலாம். அந்தக் குறிப்பை அனுப்புகிறவரே எழுதி அனுப்பவும் முடியும் என்பதுதான் கோளாறு. கோப்பு இருக்கும் இடமாகத் தன் சர்வரையே எழுதி, ஏற்கெனவே நேரம் கடந்துவிட்ட ஒரு சந்திப்பாக அதை அனுப்புகிறான் ஒருவன். அவுட்லுக் அதைப் பெற்றவுடன், ‘நினைவூட்டவேண்டிய நேரம் தாண்டிவிட்டதே’ என்று அந்த ஒலியை எடுக்க ஓடுகிறது. எதிர்ப்பக்கச் சர்வர் ‘நீ யார்?’ என்கிறது. விண்டோஸ், பயனருடைய பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட என்.டி.எல்.எம். விடையை எடுத்து நீட்டிவிடுகிறது. அதை வைத்துக்கொண்டு அவன் வேறு சர்வர்களில் அந்தப் பயனராக நுழைய முயலலாம். பயனர் அஞ்சலைத் திறக்கவும் இல்லை, முன்னோட்டம் பார்க்கவும் இல்லை, நாற்காலியில்கூட இருக்கவேண்டியதில்லை. உக்ரைனின் கணினிப் பாதுகாப்புக் குழு கண்டு சொன்ன இந்த ஓட்டை, திருத்தம் வருமுன்பே தாக்குதல்களில் பயன்பட்டுக்கொண்டிருந்தது. அந்த மாதத்து அப்டேட் பட்டியலில் அது ஒரே ஒரு வரி.

தண்டர்பேர்டிலும் இப்படிப்பட்ட வரிகள் உண்டு. 2022 மே இறுதியில் வந்த 91.10 பதிப்பில் திருத்தப்பட்ட ஒன்றைப் பாருங்கள். பிரெயில் எழுத்து வரிசையில் புள்ளியே இல்லாத வெற்று எழுத்து ஒன்று இருக்கிறது. அனுப்புநர் பெயருக்குள் போலி முகவரி ஒன்றை எழுதி, பின்னால் அந்த வெற்று எழுத்தை வரிசையாக அடுக்கினால், உண்மையான முகவரி கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். அதோடு தாக்குபவன் தன் சொந்த மின்கையொப்பத்தையும் போட்டிருப்பான். கையொப்பம் செல்லும் என்று அடையாளம் காட்டும். பெயர் உங்கள் மேலதிகாரியுடையதாக இருக்கும். அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொன்று: திட்டமிட்டு எழுதிய ஓர் அஞ்சலுக்கு நீங்கள் ‘பதில்’ அமுக்கினால், அதற்குள் ஒளிந்திருந்த ஜாவாஸ்கிரிப்ட், நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் பதிலையும் மேற்கோளாக வந்த பழைய அஞ்சலையும் படித்துவிடக்கூடும். ‘எனக்கு நேர்ந்ததில்லை’ என்கிறீர்களே, இந்த இரண்டும் நேர்ந்திருந்தால் உங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

எதிர்த்தரப்பில் விவரமறிந்தவர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம். தண்டர்பேர்டுக்காக மொஸில்லா வெளியிடும் பாதுகாப்பு அறிவிப்புகளிலேயே ஒரு வாசகம் வழக்கமாக இருக்கும்: அஞ்சலைப் படிக்கும்போது ஸ்கிரிப்ட் ஓடாது என்பதால், இந்த ஓட்டைகளைப் பொதுவாக அஞ்சல் வழியே பயன்படுத்த முடியாது என்று. அவர்களே சொல்லிவிட்டார்களே, பிறகென்ன? நேர்மையான வாசகம்தான்; மறுக்கவில்லை. உலாவியோடு பகிர்ந்துகொள்ளும் நிரல்பகுதியில் வரும் பல ஓட்டைகளுக்கு அது பொருந்தும். ஆனால், ‘பொதுவாக’ என்பதைத் தாண்டிப் போகும் சந்தர்ப்பங்கள் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. 2023 செப்டம்பரில் வெப்-பி படங்களைப் பிரித்துக்காட்டும் நூலகத்தில் மோசமான ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. அதற்கு ஸ்கிரிப்டே தேவையில்லை, ஒரு படம் போதும். குரோமில் திருத்தம் வந்த மறுநாளே, செப்டம்பர் 12 அன்று, தண்டர்பேர்டும் 115.2.2, 102.15.1 என்று இரண்டு வரிசைகளுக்கும் திருத்தம் கொடுத்தது. அன்றைக்கு 91-ஆம் பதிப்பில் உட்கார்ந்திருந்தவருக்கு எதுவும் வரவில்லை. எந்த மாதத்தின் வரி உங்களுக்கானது என்று முன்கூட்டித் தெரிந்தால் அந்த மாதம் மட்டும் அப்டேட் செய்யலாம். அது யாருக்கும் தெரியாது.

பாதுகாப்பைத் தள்ளிவையுங்கள். அன்றாடத் திருத்தங்களையே பார்ப்போம். தண்டர்பேர்டு ஒரு ஃபோல்டரின் எல்லா அஞ்சல்களையும் இயல்பாக ஒரே நீளமான உரைக்கோப்பில் அடுக்கி வைக்கும். எம்பாக்ஸ் என்று பெயர். நீங்கள் ஓர் அஞ்சலை அழித்து, குப்பையையும் காலி செய்தால் அது போய்விட்டது என்று நினைப்பீர்கள். கோப்பிலிருந்து அது போகாது. ஒவ்வோர் அஞ்சலின் தலைப்பகுதியிலும் எக்ஸ்-மொஸில்லா-ஸ்டேட்டஸ் என்று ஒரு வரி இருக்கிறது. அதில் ‘அழிந்தது’ என்ற குறி மட்டும் விழும். வாசகம் அப்படியே கிடக்கும். ‘காம்பேக்ட்’ நடக்கும்போதுதான் மீதி அஞ்சல்களைப் புதிய தற்காலிகக் கோப்பில் படியெடுத்து, பழையதை நீக்கிவிட்டு, புதியதற்கு அதன் பெயரைத் தண்டர்பேர்டு வைக்கும். இந்தப் படியெடுப்பு நடுவில் அறுந்தால் என்ன ஆகும்? என்.எஸ்.டி.எம்.பி. என்று தொடங்கும் அரைகுறைக் கோப்புகள் வட்டில் தேங்கும். அவை குவிந்து வட்டு நிறைந்துபோன புகார்கள் உண்டு. 2024-இல் 128-ஆம் பதிப்பை ஒட்டி இந்தக் காம்பேக்ட் நிரலையே புதிதாக எழுதினார்கள். திரையில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ‘இந்த அப்டேட்டில் ஒன்றுமே இல்லை’ என்று பலர் சொல்லியிருக்கக்கூடிய வேலை இது. அவர்களுடைய பத்தாண்டு அஞ்சல் பத்திரமாக இருப்பதோ அதை நம்பித்தான்.

அவுட்லுக்கிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. 2002 வரையான அவுட்லுக்கின் பி.எஸ்.டி. கோப்புக்கு 2 ஜிபி என்ற வரம்பு இருந்தது. அதைத் தொட்டால் கோப்பே கெட்டுப்போகும். 2003-இல் வந்த புதிய வடிவம் அந்த வரம்பை உயர்த்தியதோடு, யூனிகோடையும் கொண்டுவந்தது. தமிழில் தலைப்பெழுதும் நமக்கு அதன் அருமை தெரியும். எழுத்துரு எதுவென்று அனுப்புகிறவரும் பெறுகிறவரும் பேசிவைத்துக்கொள்ளாமல் தமிழ் அஞ்சல் போய்வரத் தொடங்கியதற்குப் பின்னால், இப்படிப் பார்வைக்குத் தெரியாத பல மாற்றங்கள் இருக்கின்றன.

இனி மூன்றாவது கூற்று: அப்டேட் தொல்லை தருகிறது. தருகிறதுதான். 78-ஆம் பதிப்பு பழைய வகை ஆட்-ஆன்களை மொத்தமாகக் கைவிட்டது. எழுதியவர்கள் மறுபடி எழுதாத ஆட்-ஆன்கள் அன்றோடு முடிந்தன. ரகசியக் குறியாக்கத்துக்குப் பலர் நம்பியிருந்த எனிக்மெயில் நின்றது; அதன் வேலையைத் தண்டர்பேர்டே எடுத்துக்கொண்டது என்றாலும், பழகியவர்கள் சாவிகளை இடம் மாற்றிக்கொள்ளத் திண்டாடினார்கள். 2023 ஜூலையில் சூப்பர்நோவா என்ற பெயரோடு வந்த 115, கருவிப்பட்டையைச் சாளரத்தின் உச்சிக்குக் கொண்டுபோய் மெனுவை அதற்குக் கீழே தள்ளியது. இருபது ஆண்டுகள் ஒரே இடத்தில் கை வைத்துப் பழகியவர்களின் எரிச்சலைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை.

ஆனால், அந்த எரிச்சலோடு அதன் காரணத்தையும் பார்க்கவேண்டும். 2012-இல் மொஸில்லா தண்டர்பேர்டின் வளர்ச்சியிலிருந்து கையை எடுத்துக்கொண்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான் அதைத் தாங்கிப்பிடித்தார்கள். அதாவது, தொடாதே என்பவர்கள் விரும்பிய நிலை ஏறத்தாழ அப்படியே நடந்தது. விளைவு, அஞ்சல் பட்டியலில் ஓர் அஞ்சலை இரண்டு வரியாகக் காட்டுவதற்குக்கூட இடம் கொடுக்காத பழைய கட்டமைப்பு. 2020-இல் எம்.இஸட்.எல்.ஏ. என்ற தனி நிறுவனமாகி, பயனர்களின் நன்கொடை பெருகி (2022-இல் மட்டும் 64 லட்சம் டாலர்), ஆட்களைச் சேர்த்த பிறகே அடித்தளத்தைப் பெயர்க்க முடிந்தது. 115-இன் அதிர்ச்சி, பத்தாண்டு தொடாமல் விட்டதற்கு வட்டியோடு வந்த பில். சிறிது சிறிதாக மாறியிருந்தால் யாரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒரு மென்பொருளின் அப்டேட் வேறு. அதைத் தூக்கிவிட்டு வேறொன்றை அந்த இடத்தில் வைப்பது வேறு. மைக்ரோசாஃப்ட் விண்டோஸோடு வந்த மெயில் செயலியை 2024 டிசம்பர் 31-உடன் நிறுத்தி, ‘புதிய அவுட்லுக்’கைக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களின் ஐமேப் கணக்கை அதில் சேர்த்தால், அஞ்சல் மைக்ரோசாஃப்டின் சர்வர்கள் வழியாகப் போகிறது, நுழைவு விவரங்களும் அங்கே போகின்றன என்று 2023 நவம்பரில் ஜெர்மனியின் ஹைசே என்ற தொழில்நுட்பச் செய்தித்தளம் சுட்டிக்காட்டியது. அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையராக இருந்த உல்ரிச் கெல்பர் வெளிப்படையாகவே கவலை தெரிவித்தார். இதை எதிர்ப்பது நியாயம். ஆனால், எதிர்த்தவர்கள் யார்? என்ன மாறுகிறது என்று வரிவரியாகப் படித்தவர்கள். ‘தொடாதே’ கட்சிக்காரர் எதையும் படிப்பதில்லை. ஆகவே, ஓட்டையை அடைக்கும் திருத்தத்தையும் அஞ்சலை வேறிடத்துக்குக் கொண்டுபோகும் மாற்றத்தையும் ஒரே தராசில் போட்டு இரண்டையும் மறுக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ‘சரி’ அமுக்குபவருக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மென்பொருள் தயாரிப்பவர்கள்மீது வைக்கவேண்டிய குற்றச்சாட்டு ஒன்று உண்டு. திருத்தத்தையும் தோற்ற மாற்றத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். ‘தோற்றத்திலும் பயன்பாட்டிலும் மேம்பாடுகள்’ என்ற ஒரே வரியில் பல மாற்றங்களைப் புதைக்கிறார்கள். பாதுகாப்பு வேண்டுமானால் எங்கள் ரசனையையும் சேர்த்து விழுங்கு என்பது வம்புதான். அதற்கு மருந்து, பொட்டலத்தைப் பிரித்துக் கேட்பது. தண்டர்பேர்டில் அதற்கு வழியும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை பெரிதாக மாறி, நடுவில் திருத்தங்களை மட்டும் பெறும் ஈ.எஸ்.ஆர். வரிசை ஒன்று, 2025 மார்ச்சிலிருந்து இயல்பான தரவிறக்கமாகிவிட்ட, மாதாமாதம் புது வசதி தரும் வரிசை இன்னொன்று. அமைதி வேண்டுபவர் போய்ச்சேரவேண்டிய இடம் ஈ.எஸ்.ஆர்.; கைவிடப்பட்ட பழைய பதிப்பு அல்ல. பெரிய மாற்றத்தின்போது முதல் நாளே குதிக்கவேண்டியதும் இல்லை. 115 வந்தபோது பழைய பதிப்பில் இருந்தவர்களுக்கு அதை உடனே தள்ளிவிடவில்லை. முதலில் தேடிப்போய் இறக்கிக்கொள்பவர்களுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். சில வாரம் பொறுப்பது நிதானம். சில ஆண்டுகள் பொறுப்பதற்கு அந்தப் பெயரைக் கொடுக்க முடியாது.

தண்டர்பேர்டு அப்டேட்டுக்கு முன், அஞ்சலும் அமைப்புகளும் இருக்கும் புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே வேறொரு வட்டில் படியெடுத்து வையுங்கள். புதிய பதிப்பு தொட்ட புரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கும். படி இல்லாமல் பின்வாங்குவது கடினம். அவுட்லுக் 2016 அல்லது 2019 வைத்திருந்தால், 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது. அன்று முதல் ‘ஓடிக்கொண்டிருக்கிறது’ என்பதற்கு, ‘இனி யாரும் பார்த்துக்கொள்ளவில்லை’ என்றும் பொருள்.

இத்தனைக்கும் பிறகு, ‘என் கணினி, என் ரிஸ்க்’ என்பார் ஒருவர். கடைசி மறுப்பு அதற்குத்தான். ஓர் ஆடிட்டரின் இன்பாக்ஸில் இருப்பது வாடிக்கையாளரின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும். மனிதவளத் துறைக்காரரின் இன்பாக்ஸில் இருப்பது வேலை கேட்டு வந்தவரின் ஆதார் நகல். ‘ஐ லவ் யூ’ பரவியதும் முகவரிப் புத்தகத்தில் இருந்த மற்றவர்களிடம்தான். மின்னஞ்சல் மென்பொருளில் உள்ள ஓட்டையின் செலவை அதை அடைக்காதவர் மட்டும் கொடுப்பதில்லை. அவரை நம்பி எழுதிய அத்தனை பேரும் கொடுக்கிறார்கள். அவர்களிடம் யாரும் ‘பிறகு பார்க்கலாமா?’ என்று கேட்டதில்லை.